பால்பல்

மழை விடாத ஒரு முற்பகலில் பேராசிரியர் அருங்காட்சியகத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார். ஈரச் சுவரும் பழைய வார்னிஷும் கலந்த வாடை படியிலேயே எதிர்கொண்டது. காற்றாடிகூட இல்லாத அந்த அறைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவர்தான்.

மாலையில் விழா. அழிந்துபோன, மாமிசம் தின்னும் ஒரு பைப்பாலூட்டிக்கு அவர் பெயரைச் சூட்டப் போகிறார்கள். பெயரை முன்மொழிந்தவர் அவருடைய மாணவர். முன்மொழியச் சொன்னவர் யார் என்று சபை நாகரிகம் கருதி யாரும் கேட்கவில்லை.

விலங்கு என்று மிஞ்சியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கீழ்த்தாடை, கல்லாகிப் போனது. வயிற்றுப் பைக்குள் குட்டி வளர்த்த கூட்டம் அது. முன்னோர்கள் இலை தின்றவர்கள். காலம் போகப் போகக் கறிக்கு மாறிய வம்சம், கோரைப்பல் இல்லாத குறையைக் கன்னத்துப் பல் ஒன்றைக் கத்தியாக நீட்டித் தீர்த்துக்கொண்டது. வாயிலேயே அந்த ஒரு பல்தான் பால்பல்லாக முளைத்து, விழுந்து, மறுபடி முளைக்கும்.

இந்தத் தாடையில் அந்தக் கத்தி சின்னதாக இருந்தது. முழுதாக வளர்ந்த குள்ள இனம் என்று பேராசிரியர் எழுதிவிட்டார். தெரிந்த இனத்தின் குட்டியாக இருக்குமோ என்று கருத்தரங்கில் கேட்டவரை இருமியே உட்கார வைத்தார். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே அடுத்த பல் காத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதனால்தான் எடுக்கவில்லை. குட்டி என்றால் புது இனம் இல்லை, பெயரும் இல்லை. மாடியில் பித்தளைப் பலகை வேறு மாட்டியாகிவிட்டது.

"அத்தான், பல்லு கழண்டு கிடக்கு" என்றான் மனைவியின் தம்பி. அவர் சிபாரிசில் அங்கே எலும்புகளுக்கு அச்சு வார்க்கிறவன்.

"கீழ போட்டுத் தொலச்சியா?"

"நான் தொடவே இல்ல. டீ குடிச்சிட்டு வந்தேன், விழுந்திருக்கு."

"நீ எப்பதான் டீ குடிக்காம இருந்த. பசைய எடு."

ஒட்டினார். பசை காயும் வரை இருவரும் மேடைப் பேச்சைப் பற்றிப் பேசினார்கள். அதாவது அவர் பேசினார்.

டிக் என்று ஒரு சத்தம்.

பல் மறுபடி வெல்வெட்டில் கிடந்தது. அது இருந்த குழியில் ஒரு முனை தெரிந்தது. மற்ற பற்கள் கல்லின் காப்பி நிறம். இது வெள்ளை.

ஈரமாகவும் இருந்தது.

"என் பொண்ணுக்கும் இப்படித்தான் அத்தான். கீழேருந்து புதுசு தள்ளும்."

"உப்புப் பூத்திருக்கு. அரத்த எடு."

"வேணாம் அத்தான். விழாவத் தள்ளி வெச்சுக்கலாம்."

"பலகையில இருக்கிற பேரு உன்னோடதா, என்னோடதா?"

அரத்தை இழுத்தார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மறுபடி இழுத்தபோது அலமாரிகளுக்குப் பின்னால் ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்தது.

அலமாரிகளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நனைந்த ரோமத்தின் வாடை. அதனடியில், பாலின் வாடை.

மைத்துனன் கிசுகிசுத்தான். "குட்டின்னா... தாய் இருக்கும்ல?"

பேராசிரியர் அராவி முடித்தார். பால்பல்லைப் பழைய இடத்தில் ஒட்டினார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு மாடி ஏறினார்.

மாலை மேடையில், "முழுதாக வளர்ந்த விலங்கு இது" என்று கணீரென்று சொல்லித் திரையை விலக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் பால்பல் மட்டும் கிடந்தது.

தாடை இல்லை.

கோட்டின் உள்பையில் ஏதோ கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. புரண்டு படுத்தது.

மேடைக்குப் பின்னால், மெருகிட்ட தரையில் நகங்கள் நடந்து வந்தன. அவசரமில்லாத நடை. முன்வரிசைப் பிரமுகர்கள் செல்போனில் இருந்தார்கள். மேடையோரம் நின்ற மைத்துனன் மட்டும் பேராசிரியரின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தபடி பின்னால் நகர்ந்தான்.

நடை நின்றது.

பிடரியில் மூச்சு சுட்டது.

"இது குட்டிதான்" என்றார் மைக்கில். குரல் உடைந்துவிட்டது. "புது இனமெல்லாம் இல்ல. எனக்கு இந்தப் பேரு வேண்டாம்."

"என்ன ஒரு அடக்கம்" என்றார் தலைமை விருந்தினர். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் நின்ற பிறகும் மூச்சு நிற்கவில்லை.

கோட்டுக்குள் இருந்தது சட்டையை முகர்ந்தது. பால் தேடி அவர் மார்புப் பக்கம் திரும்பி, மெதுவாக வாயைத் திறந்தது.

அராவிய பல் அதற்குள் மறுபடி முளைத்திருந்தது.