நாற்பத்தொரு மீட்டர் இருபது

டேப்பில் தேய்த்திருந்த சாக்பீஸ் நனையவில்லை, துடைத்தெடுத்ததுபோல் அழிந்திருந்தது.

அவள் போர்வெல்லுக்குள் அதை நாற்பத்தைந்து மீட்டர் இறக்கியிருந்தாள். தண்ணீர் தொட்ட இடம்வரை வெள்ளை கரைந்து கறுக்கும், இறக்கிய நீளத்தில் அதைக் கழித்தால் நீர்மட்டம். பதினாறு வருடமாக நிலத்தடி நீரை இப்படித்தான் அளக்கிறாள். விரலால் தடவிப் பார்த்தாள். ஈரமே இல்லை. அழிந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். நாற்பத்தொரு மீட்டர் இருபது.

போன வருடம் இதே போரின் மூடி துருப்பிடித்துத் திறக்க வராதபோது, அளக்காமலே அவள் எழுதிய எண் அது. அதை நம்பித்தான் இந்த அடுக்குமாடியில் குடியேற அனுமதி கிடைத்தது. மூன்றாவது மாடியில் தங்கை வீடு வாங்கினாள்.

"சுத்துப்பட்டுல எல்லா போரும் நூறு மீட்டருக்குக் கீழ போயிடுச்சு மேடம்," என்றார் பம்ப் ஆபரேட்டர். "இது மட்டும் மகாராஜா."

மறுபடி சாக்பீஸ் தேய்த்து இறக்கினாள். அதே அளவு. இம்முறை அழிந்த விளிம்பில் நான்கு தீற்றல்கள், பக்கம் பக்கமாக.

ஃபோன் அடித்தது. தங்கை.

"அக்கா, கீழதான் இருக்கியா? போன தடவ மாதிரியே இருக்குன்னு எழுதிடுவேல்ல? இருக்கிற கடனுக்கு வேற எங்கயும் போக முடியாது."

"பாக்கறேன்டி."

ஆபரேட்டர் மெயின் சுவிட்சைப் பார்க்க மேலே போனார். அடித்தளத்தில் டீசல் வாடை, எங்கோ ஒரு குழாயின் சொட்டு, போரின் வாயிலிருந்து யாரோ உறக்கத்தில் விடும் மூச்சைப்போல் வெதுவெதுப்பாக வந்த காற்று. உண்மையைத் தெரிந்துகொண்டாவது எழுதலாம் என்று நூறு மீட்டருக்கு விட்டாள். நாற்பத்தொன்று இருபதில் டேப் நின்றது. அசைத்தாள். அசையவில்லை. கீழே ஏதோ அதைப் பிடித்திருந்தது.

படிவத்தை முழங்காலில் வைத்தாள். தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்தது. கை தானாக எழுதியது: 41.20. கையெழுத்தும் போட்டாள்.

டேப் தளர்ந்தது.

அப்பாடா என்றிருந்தது, ஒரு நொடி. பிறகு டேப் மேலே வரத் தொடங்கியது. அவள் இழுக்கவில்லை. வளையம் வளையமாக வாயைத் தாண்டி அவள் காலடியில் விழுந்தது. முப்பது. இருபது. சீராக. எட்டு. மூன்று.

நின்றது.

சொட்டும் நின்றிருந்தது.

இரும்புக் குழாயின் விளிம்பில், உள்ளிருந்து, நான்கு விரல்கள். சாக்பீஸ் படிந்து வெளுத்த, கொஞ்சமும் ஈரமில்லாத விரல்கள்.