சின்னவள் உள்ளே இருக்கிறாள்

பொழுது சாயும் நேரத்தில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். காலில் குதி உயர்ந்த செருப்பு. கழுத்தில் அக்கா விட்டுப்போன சென்ட். பெட்டிக்குள் ஒரு தலையணையும் கொஞ்சம் பழைய பேப்பரும். அழைப்பு மணியை அழுத்தினேன்.

"யாரு?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"நான்தாம்மா. பெரியவ." சொல்வதற்கு முன்பே கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். அக்கா எப்போதும் சிரித்துவிட்டுத்தான் பேசுவாள்.

நான் பெரியவள் இல்லை, சின்னவள். சற்று முன்புதான் அதே வீட்டின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்திருந்தேன். கேட்பதற்குக் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். பிறந்த வீட்டிலேயே இருந்து தலை நரைத்தவளின் வயிற்றெரிச்சல் மற்றவர்களுக்குப் புரியாது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பொருத்தும் வேலை. ஓர் ஊரில் மெஷின் ஓடத் தொடங்கியதும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவாள். கடல் இருக்கும் ஊர், பனி பெய்யும் ஊர், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஊர் என்று எப்போதாவது ஃபோன் செய்து அம்மாவிடம் அளப்பாள். நான் மூன்று தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டேன், என் அம்மாவுக்கு மட்டும் எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

கடை முதலாளி வேறொரு நகரத்தில் கிளை திறந்தபோது என்னைத்தான் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் துணிமணிகளை எடுத்து வைக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். "நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான், நான் போகவில்லை. அக்கா போனபோது அவளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா காலையிலேயே குளித்து, தலைவாரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் ஃபோன் வந்தது. மெஷினில் கோளாறாம், அடுத்த மாதம் பார்க்கலாமாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால்தான் அக்காவாக நடித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பாதிதான். நான் இல்லாதபோது அம்மாவும் அக்காவும் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆசை.

எங்கள் இருவருக்கும் ஒரே குரல். ஃபோனில் சொந்தக்காரர்களே ஏமாந்துபோவார்கள்.

அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். "வாடி என் ராசாத்தி" என்று என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். கன்னத்தைத் தடவினாள். என்னை அவள் அப்படித் தொட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்குக் கிடைப்பதெல்லாம் "ஏய், அந்தத் தண்ணிய எடு" என்பதுதான்.

"சின்னவ எப்படிம்மா பாத்துக்கறா?" என்று கேட்டேன்.

"இருக்கா. அவளுக்கென்ன. பாத்திரத்தை டங்கு டங்குன்னு போட்டு உடைப்பா. வாயைத் திறந்தா எரிஞ்சு விழுவா." பெருமூச்சு விட்டாள். "அவளால எங்க போக முடியும், சொல்லு. உன்னாட்டம் சாமர்த்தியம் இல்லையே."

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. உங்களுக்காகத்தானே இருந்தேன் என்று கத்த வாய் வந்தது. ஆனால் அவள் கை இன்னும் என் கன்னத்தில் இருந்தது. அதை இழக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அக்கா வந்தாள்.

மாதம் ஒன்று போயிருக்கும். அன்றும் பெட்டியோடு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அக்கா குரலில் ஏதோ ஒரு கடற்கரை ஊரைப் பற்றிக் கதை விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என் முழங்காலில் தட்டினாள்.

"மெதுவா பேசு. சின்னவ உள்ள இருக்கா."

வயதானவள், ஏதோ நினைப்பில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அப்போது அடுப்படியில் ஒரு கரண்டி பாத்திரத்தில் பட்டது.

எலியாக இருக்கும். எங்கள் வீட்டில் எலி உண்டு. ஆனால் எலி குழாயைத் திறக்காது. தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது. நிறைய நிறைய அந்தச் சத்தம் கனத்துக்கொண்டே போனது. பிறகு குழாயை இறுக்கி மூடும் கிறீச். எங்கள் குழாயைக் கடைசியில் ஒரு சுண்டு சுண்டினால்தான் சொட்டுவது நிற்கும். அதை நான் மட்டும்தான் செய்வேன்.

சுண்டும் சத்தமும் கேட்டது.

எழுந்து போனேன். அடுப்படியில் யாரும் இல்லை. பின்கதவை நான் பூட்டிக்கொண்டு போனது போலவே பூட்டியிருந்தது. அடுப்பு சுட்டது. திரும்பி வந்தேன். அம்மா டம்ளரைக் கையில் வைத்து ஊதி ஊதி டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆவி படர்ந்தது.

"யாரும்மா போட்டது?"

"உன் தங்கச்சிதான். இப்பத்தானே குடுத்துட்டுப் போறா, பாக்கலியா?" இன்னொரு வாய் குடித்தாள். "என்னவோ இப்பல்லாம் ரொம்ப நல்லா போடறா."

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கையும் காலும் உதறியிருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான். இத்தனை வருஷம் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து நான் போட்டுக் கொடுத்த டீயை அம்மா ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

பயம் பிறகுதான் வந்தது. வந்ததும் இந்த வேண்டாத வேலையை அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சென்ட் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். செருப்பையும் போட்டேன். சின்னவளாகவே வீட்டில் நடமாடினேன், பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்தேன். ஆனால் அம்மா என் காலடி கேட்டதும் தலையைத் திருப்பி, "இன்னும் கிளம்பலியாடி பெரியவ?" என்றாள்.

"நான் சின்னவம்மா."

"அவ மாடில இருக்கா" என்றாள் அம்மா.

கடைக்குப் போகத் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டுத் தையல்காரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் காலை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்மா, இப்பத்தானே மொட்டை மாடில துணி காயப்போட்டுட்டு இருந்தே? அதுக்குள்ள கீழ வந்துட்ட."

நிமிர்ந்து பார்த்தேன். கொடியில் என் துணிகள் வரிசையாகத் தொங்கின. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அன்று துணி துவைக்கவில்லை.

"காலுல சக்கரம் கட்டியிருக்க போல" என்று சிரித்தாள் தையல்காரி. வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை அது.

அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவருக்கு இடது கண்ணாடியை வலதில் மாட்டிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். சீக்கிரமே கிளம்பி வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டேன். பூட்டு திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அம்மா உள்தாழ்ப்பாள் போடுவதே இல்லை.

தட்டினேன். உள்ளே நடந்து வரும் காலடி கேட்டது. அம்மாவின் நடை இல்லை. இடது குதிகாலைக் கொஞ்சம் தேய்த்து நடக்கும் நடை. சின்ன வயதிலிருந்து அப்படி நடக்காதே என்று நான் வாங்காத திட்டு இல்லை.

காலடி கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

மூச்சு கேட்டது.

என் துணியில் எப்போதும் இருக்கும் சலவை சோப்பு வாசம் கதவிடுக்கு வழியாக வந்தது. நான் கையை எடுக்க முடியாமல் கதவில் வைத்தபடியே நின்றேன். பிறகு, வாயைக் கதவில் ஒட்டவைத்துப் பேசுவதுபோல, மிக மெல்ல, என் குரல் பேசியது.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?"

இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

காலடி உள்ளே போனது. வெகுநேரம் கழித்து அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்து தாழ்ப்பாளை எடுத்தாள். "பெரியவளா? வாடி ராசாத்தி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முன்னறையில் விளக்கு போடவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவெளிச்சம் மட்டும் கொஞ்சம் வந்தது.

"அம்மா, நான் பெரியவ இல்ல. சத்தியமா சின்னவ. இங்க பாருங்க." என் மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது. அம்மா அறியாத தழும்பா, அன்று மருந்து போட்டவளே அவள்தான். அவள் கட்டைவிரலை எடுத்து அதன்மேல் வைத்தேன். "தெரியுதா? உங்க சின்னவளுக்குத்தானே இது இருக்கு?"

அம்மா தடவிப் பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. இனி என்னை அடையாளம் கண்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஆமா" என்றாள் யோசனையாக. "இவளுக்கு இருக்கற மாதிரியே உனக்கும் இருக்கே."

அப்போதுதான் அவளுடைய இன்னொரு கையைப் பார்த்தேன். கட்டிலில் அவளுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இடத்தை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் எதையோ சுற்றி வளைந்திருந்தன. முழுதாக மூடவில்லை. நடுவில் ஒரு மணிக்கட்டு அளவுக்கு இடம் இருந்தது. அந்தக் கையின் கட்டைவிரலும் மெதுவாக எதையோ தடவிக்கொண்டிருந்தது.

மெத்தை அந்த இடத்தில் அமுங்கியிருந்தது.

"கண்ணு, அக்காவுக்குத் தண்ணி குடு" என்றாள் அம்மா அந்தப் பக்கம் திரும்பி. என்னை ஒருநாளும் அவள் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

மெத்தை மெல்ல மேலெழுந்தது.

காலடி அடுப்படிக்குப் போனது, இடது குதிகாலைத் தேய்த்துக்கொண்டு. நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். வாங்கம்மா போயிடலாம், எங்கேயாவது போயிடலாம் என்று அழுதேன். அம்மா என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் எங்கடி வர்றது, இந்த வயசுல. எதுக்கு அழற? ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் உனக்கு இதே அழுகை. என்னைப் பத்தி நினைச்சு மருகாத. எனக்குத்தான் இவ இருக்காளே. நீ நிம்மதியா போயிட்டு வா."

இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அடுப்படியில் குழாயைச் சுண்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் வருவதற்குள் கட்டிலடியில் கிடந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது நான் இருப்பது எனக்கு நான்காவது ஊர். கண்ணாடிக் கடை இல்லாத ஊர் ஏது, வேலைக்குக் குறைவில்லை. ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம் தெரிகிற ஓர் அறை. ஒரு ஊரிலும் காலூன்ற மனம் வரவில்லை. அம்மாவுக்குத் தினமும் ஃபோன் செய்கிறேன். "ராசாத்தி, இப்ப எந்த ஊர்ல இருக்க? சாப்பிட்டியா?" என்று உருகுகிறாள். "முன்னெல்லாம் எப்பவாவது கூப்பிடுவ, இப்ப ஒரே நாள்ல ரெண்டு தடவை கூப்பிடற" என்று பூரிக்கிறாள். குரலில் தெம்பு ஏறிக்கொண்டே போகிறது. பின்னால் பாத்திரம் அலம்பும் சத்தம் கேட்கும். டங்கு டங்கென்று இல்லை. பதவிசாக.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன் என்றுதான் அவள் காதில் விழும்.

நேற்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். எடுத்ததும் சிரித்தாள், வழக்கம்போல.

"வண்டியில ஏறிட்டேண்டி. இன்னும் கிளம்பல, டிரைவர் பெட்டிய ஏத்திக்கிட்டு இருக்காரு. நேர்ல சொல்ல வாய் வரல, அதான் ஃபோன்ல சொல்றேன்."

"எங்கேருந்து ஏறின?" என்று கேட்டேன்.

"என்னடி கேள்வி, நம்ம வீட்டு வாசல்லேருந்துதான். ரெண்டு நாளா உன்னையும் அம்மாவையும் பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மா மடியில நீ தலைய வச்சுப் படுத்திருந்த பாரு. எனக்கு வயிறெரிஞ்சுது. உண்மையச் சொல்றேன், உன்மேல எனக்கு எப்பவுமே பொறாமைதான். நான் நாய் மாதிரி ஊர் ஊரா அலைஞ்சேன். நீ பாக்கியசாலி, அவ பக்கத்துலயே இருந்துட்ட."

நான் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்ததே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதடி. உள்ள போ. எவ்வளவு நேரம் வாசல்ல நின்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு..." அக்கா பேச்சை நிறுத்தினாள். "ஏய். ரெண்டு கையும் ஆட்டறியே, ஃபோனை எங்கடி வச்சிருக்க?"



குதிகாலைத் தேய்த்துக்கொண்டு யாரோ வண்டியை நெருங்கும் சத்தம் ஃபோனில் கேட்டது. கார்க் கண்ணாடியை விரலால் தட்டினார்கள். கண்ணாடி இறங்கியது. பிறகு மிக அருகில், வாஞ்சையாக, என் குரல் கேட்டது.

"யாருக்கா ஃபோன்ல?"