ஊமைக் கை

அக்கா நீட்டிய தண்ணீர் டம்ளரைத் தங்கையின் இடது கை வாங்கியது. வாய்க்குக் கொண்டுவரும் என்று அவள் உதட்டைக்கூடத் திறந்துவிட்டாள். கை கொண்டுவரவில்லை. ஜன்னல் பக்கம் நீண்டு, கம்பிகளுக்கு நடுவே டம்ளரைச் சாய்த்து, சொட்டு மிச்சமில்லாமல் வெளியே கொட்டிவிட்டு, காலி டம்ளரைத் திண்டின் மேல் கவிழ்த்து வைத்தது.

“கொசு விழுந்திருந்துச்சு அக்கா,” என்றாள் அவள் உடனே.

கொசு எதையும் அவள் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லி முடித்ததும், தண்ணீரில் கறுப்பாக ஏதோ மிதந்த மாதிரிதான் இருந்தது. அவள் வாய் அப்படிப்பட்ட வாய். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே திட்டுகிற அலுவலகத்தில், அத்தனை திட்டையும் வாங்கிக்கொள்ளும் தொலைபேசி அவளுடைய மேஜையில்தான் இருந்தது. அங்கே ஒரே ஒரு விதி: ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லக் கூடாது. மோட்டார் எரிந்துவிட்டது, வால்வு மாற்றுகிறார்கள், மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் போதவில்லை, ஏதாவது ஒன்று. எதிராளி மூச்சு விடுவதற்குள் காரணம் தயாராக இருக்க வேண்டும். செத்தவன் போன் பண்ணினாலும் இவள் சமாதானம் சொல்லி வைத்துவிடுவாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூளை டாக்டர் மட்டும் அந்த வாயைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்புக்காக, மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற நரம்புப் பாலத்தை அவர்தான் வெட்டினார். ஒரு பக்கம் கிளம்பும் வலிப்பு மறுபக்கம் தாவாமல் இருக்க அதுதான் வழி என்றார். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் இடது கை அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டால் அது அவிழ்த்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள், ஊசியோடு வந்த நர்ஸின் காலரைப் பிடித்து உலுக்கிவிட்டது. அவமானத்தில் அவளுக்கு உயிரே போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ஒரு சோதனை செய்தார். திரையின் நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்க்கச் சொல்லிவிட்டு, இடது ஓரத்தில் ஏதோ ஒரு படத்தைக் கண்சிமிட்டும் நேரம் காட்டினார். என்ன தெரிந்தது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஆனால் முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது. “இந்த ரூம்ல ஏசி வேலை செய்யலையா டாக்டர்?” என்று கேட்டாள். டாக்டர் மேஜையில் பல படங்களைப் பரப்பியதும், இடது கை தானாகப் போய்ப் பாம்புப் படத்தின் மேல் விரலை வைத்தது. ஏன் அதைத் தொட்டீர்கள் என்றார். “நேத்து எம் பொண்ணு புத்தகத்துல பாம்பு பார்த்தேன், அந்த ஞாபகம்,” என்று பட்டென்று சொன்னாள். அப்படி ஒரு புத்தகமே வீட்டில் கிடையாது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “பேசுறது உங்க இடது பாதிம்மா. இடது கையை நடத்துறது வலது பாதி. உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறதைப் பார்க்கிறதும் அதுதான். அதுக்கு வாய் கிடையாது. பார்த்ததை அதால சொல்ல முடியாது. பயந்தா அந்தப் பயம் மட்டும் உங்களுக்கு வந்து சேரும், எதுக்குன்னு தெரியாது. உடனே வாய் ஒரு காரணத்தைக் கட்டிவிடும். அதை நீங்களே நம்பிடுவீங்க.”

முகங்களைப் பற்றியும் சொன்னார். முகத்தை முகமாகப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில் அந்த ஊமைப் பாதிதான் கெட்டியாம். பேசுகிற பாதி கொண்டை, மச்சம், மூக்குக்கண்ணாடி என்று கூட்டிப் பார்த்து இன்னார் என்று முடிவுகட்டுமாம். கடைசியாக ஒன்று சொன்னார்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். அவள் தலையாட்டினாள். சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. நர்ஸின் காலரைப் பிடித்த கை, தூக்கத்தில் மகளின் கழுத்துக்குப் போனால்?

மகளுக்கு ஐந்து வயது. வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கையைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் அவள்தான். ‘ஊமைக் கை’ என்று பெயர் வைத்து, அம்மாவின் இடப்பக்கமாக வந்து உட்கார்ந்து, அதற்குள் தன் உள்ளங்கையை வைப்பாள். கை மெதுவாக மூடி, ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் திறக்கும். வாலு கெக்கெக்கே என்று சிரிப்பாள். அவளோ வலது கையால் குழந்தையை மெல்ல விலக்குவாள்.

கணவர் ரயில் ஓட்டுநர். விடுப்பு முடிந்து அன்று காலைதான் வேலைக்குப் போனார். நாளை மாலைதான் திரும்புவார். குழந்தையோடும் அந்தக் கையோடும் தனியாக இருக்க முடியாது என்று அவள் அழுததால்தான் அக்காவை வரச் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் வருவதாக இருந்த அக்கா, கணவர் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வந்து கூடத்தில் நின்றாள். கொட்டுகிற மழை. தலைமுடி நனைந்திருக்கவில்லை. டாக்சியில் வந்திருப்பாள். கையில் பை இல்லை. பஸ்ஸிலேயே விட்டிருப்பாள், மறதிக்காரி. பெரியம்மா கதவைத் தட்டவே இல்லையே என்று வாலு கேட்டதற்கு, மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவளே பதில் சொன்னாள்.

அதே கொண்டை. தாடையில் அதே மச்சம். ஒரு காது அறுந்து தைத்த தழும்புகூட அப்படியே இருந்தது. அக்காவேதான்.

இருந்தாலும் காலையிலிருந்து அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மாத்திரையின் வேகம் என்று நினைத்துக்கொண்டாள். கூடத்தில் ஒரு வாடை வீசியது, வருஷக்கணக்காகத் திறக்காத அறையைத் திறந்தால் வருமே, சுண்ணாம்பும் ஈரமும் எலிப்புழுக்கையும் கலந்து, அப்படி. மழைக்குச் சுவரெல்லாம் ஊறிவிட்டது என்று ஜன்னலைச் சாத்தினாள். கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக இரைந்தது. அதற்கு அடியில், அக்கா நடக்கும்போது எழ வேண்டிய காலடிச் சத்தம் மட்டும் எழவே இல்லை. தன் காதில்தான் கோளாறு என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

அக்கா அதிகம் பேசவில்லை. ஊரையே கேலி செய்து சிரிக்க வைக்கிறவள், போனில் குரலை மாற்றிப் பேசித் தங்கையின் கணவரை எத்தனையோ தடவை ஏமாற்றியவள், அன்று வாலுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் இருந்தது. அவள் எங்கே உட்கார்ந்தாலும் அக்கா வலப்பக்கமாகவே வந்து நின்றாள். பேச்சுக்கு நடுவே அவள் தலையைத் திருப்பினால், அக்கா ஒரு அடி நகர்ந்து மறுபடி வலப்பக்கம். பாவம், இடது கை அடித்துவிடும் என்று பயப்படுகிறாள். நியாயம்தானே.

மழையால் சாயங்காலமே இருட்டிவிட்டது. சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்து, மங்கி, அழுது வடிந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ பாத்திரம் உருள, அவள் சட்டென்று திரும்பினாள். நின்றிருந்த அக்கா நகர்வதற்குள், ஒரே ஒரு கணம், அவளுடைய பார்வையின் இடது ஓரத்துக்குள் வந்துவிட்டாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவர் கூடத் தெரியவில்லை.

ஆனால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் போடாத சத்தம். அடிபட்ட மாட்டின் முனகல் போல, வார்த்தையே இல்லாமல். கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. இடது கை எழுந்து அவள் கண்களை இறுகப் பொத்தியது.

“என்னடி ஆச்சு?” அக்காவின் குரல், வலப்பக்கத்திலிருந்து.

“தலை சுத்திடுச்சு அக்கா. காலைலேருந்து சரியா சாப்பிடலைல்ல.”

சொன்னதும் பசிப்பது போலவே இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

போன் அடித்தது. வலது கையால் எடுத்தாள். கணவர். பின்னால் ரயில்களின் ஊதல்.

“நீயும் வாலுவும் பத்திரமா இருக்கீங்களா? உங்க அக்கா இப்பதான் பேசினாங்க. வழியில பாலத்துல தண்ணி ஏறிடுச்சாம், பஸ் நின்னுபோச்சாம். நாளைக்குக் காலைலதான் வருவாங்களாம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வலது ஓரத்தில் கொண்டை. மச்சம். தழும்பு. அக்கா வாலுவின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். வாலு அசையாமல் நின்றது. அந்தக் குழந்தை எப்போதும் அப்படி அசையாமல் நிற்காது.

மூச்சு நின்றது. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போ இது யாரு? தெரியலைங்க. எனக்குத் தெரியலை. நீங்க உடனே வாங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

“ஐயோ, அவ உங்களை ஏமாத்தியிருக்கா!” என்றது வாய். சிரித்தும் விட்டது. “காலைலயே வந்துட்டா. இங்க நின்னுக்கிட்டேதான் உங்ககிட்ட அளந்திருப்பா.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு, பிறகு சிரிப்பு. “உங்க அக்கா இந்த ஜன்மத்துல திருந்த மாட்டாங்க. ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு. சரி, வச்சுடறேன்.”

இடது கை பாய்ந்து போனைப் பிடுங்கியது. அதற்குள் அழைப்பு அறுந்திருந்தது. கை போனின் கண்ணாடியைத் தடவியது, தட்டியது, நகத்தால் கீறியது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

“மாப்பிள்ளையா?” என்றாள் அக்கா. அக்கா போனில் யாரோடும் பேசி அவள் பார்க்கவில்லை. பின்கட்டில் பேசியிருப்பாள்.

“ஆமாக்கா.”

“சரி. நான் இவளைக் கூட்டிட்டுப் போய்த் தலை வாரி விடறேன். நீ இங்கயே இரு.”

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. வாலு திரும்பி அம்மாவைப் பார்த்தது. ஓடிவந்து, வழக்கமான இடத்தில், இடப்பக்கம், ஒட்டிக்கொண்டது.

இடது கை குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தது.

இறுக்கி.

“அம்மா, வலிக்குது.”

இதற்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்தாள். இதே நிமிஷத்துக்குத்தான். விடு என்றாள். கை விடவில்லை. குழந்தையின் விரல்கள் வெளுத்தன. விடு, சனியனே, விடு. குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாயா? வலது கையால் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. இன்னும் பலமாக. பிரிந்தது. மோதிர விரல். நடுவிரல். ஒன்றை எடுத்தால் இன்னொன்று திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. நெருப்பிலிருந்து யாரையோ இழுக்கிற மாதிரி இழுத்தது அந்தக் கை. நகம் ஒன்று பெயர்ந்து ரத்தம் வந்தது. கடைசியில் கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்தாள். சொடுக்கென்று ஒரு சத்தம். கை திறந்துகொண்டது.

“கூட்டிட்டுப் போ அக்கா. சீக்கிரம். இந்தக் கை இன்னைக்குச் சரியில்லை.”

“அம்மா,” என்றது வாலு. அவ்வளவுதான் சொன்னது.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் மூச்சு வாங்க நின்றாள். நல்லவேளை. குழந்தை தப்பித்தது. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை. பற்கள் கிட்டிப் போயின. வியர்வை காலில் வழிந்தது.

உள்ளே சீப்பின் சத்தம். சர்ர். சர்ர். வாலுவுக்குத் தோள் வரைதான் முடி. சத்தமோ நீண்டுகொண்டே போனது, முழம் முழமாக எதையோ வாருகிற மாதிரி. மழை நின்றது. எப்போது நின்றதோ. இடது கை சுவரை அடித்தது. அடி. மறுபடி அடி. முறிந்த கட்டைவிரலோடு. ரத்தம் சுண்ணாம்பில் அப்பிக்கொண்டது.

சீப்பு நின்றது.

அடித்துக்கொண்டிருந்த கையும் நின்றது. மெதுவாகக் கீழே இறங்கி, வாலு வந்தால் விரிக்கிற மாதிரி உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, காத்திருந்தது.

கதவு திறந்தது.

வாலு. அதே கவுன். நேர் வகிடு எடுத்து, படிய வாரிய தலை. நெற்றியில் சின்ன வயதில் விழுந்த வடு. எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

“பெரியம்மா எங்கடா?”

“போயிட்டாங்கம்மா.”

உள்ளறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலைத் திறந்து போயிருப்பாள், விளையாட்டுக்காரி.

பழைய சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. குழந்தை நடந்து வந்தது. சத்தமில்லாமல். வந்து, அம்மாவின் வலப்பக்கம் நின்றுகொண்டு, கையை நீட்டியது.

விரிந்திருந்த இடது கை மூடிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. பிறகு பின்னாலிருந்த ஜன்னல் திண்டைப் பற்றி, அவளைப் பின்னுக்கு இழுக்க ஆரம்பித்தது, தள்ளி, இன்னும் தள்ளி, குழந்தையிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.

தெரியலை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

“அம்மா கைல அடிபட்டிருக்குடா கண்ணு, அதான் இப்படிப் பண்ணுது,” என்றது வாய். சிரித்துக்கொண்டே, அவள் குழந்தையை நன்றாகப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினாள்.

வாலு ஒரு அடி நகர்ந்து, மறுபடியும் வலப்பக்கம் வந்து நின்றது.