தொங்கிய மிதவை

காலை ஆறு மணி. வண்ணமீன் பண்ணையின் பெரிய தொட்டி வற்றிக் கிடந்தது. தாய்மீன்கள் அத்தனையும் தரையில் செத்துக் கிடந்தன.

ஆறரைக்கெல்லாம் பழி, பண்ணையின் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் மோட்டாரக்காவின் தலையில் விழுந்துவிட்டது. பழைய நீர் அடிக்குழாயில் எந்நேரமும் மெல்ல வெளியேறும்; தண்ணீரில் கிடக்கும் மிதவை மட்டத்தோடு இறங்கினால் மோட்டார் தானே ஓடும், நிறைந்து மேலே வந்தால் தானே நிற்கும். அந்த அமைப்பைப் போன வாரம் பொருத்தியவள் அவள்தான். இந்தக் கெட்ட பெயரோடு போனால் வேறெந்தப் பண்ணையும் அவளை ஒரு ஸ்விட்சைத் தொட விடாது. முதலாளி வேலையை விட்டுப் போகச் சொன்னார். அவள் மோட்டார் மேடையிலேயே உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வந்து பார்க்கும்வரை நகரமாட்டேன் என்றுவிட்டாள்.

ஏழேகாலுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார்.

"முதல்ல பாத்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார் மேற்பார்வை பார்க்கும் முதலாளியின் மைத்துனர். "தண்ணி சொட்டு இல்ல. மிதவை அடியில தொங்குது. மோட்டார் சத்தமே காணோம். எதுக்கு வம்புன்னு, அப்புறமா போய் ஸ்விட்சை அணைச்சேன்."

இன்ஸ்பெக்டர் மோட்டாரக்காவிடம் திரும்பினார்.

"மிதவை மேல இருந்தா மோட்டார் நிக்கும். கீழ தொங்கினா ஓடும். அதுக்கு வேற புத்தி கிடையாது மேடம்."

"உன்னை மாதிரின்னு சொல்லு," என்றார் மைத்துனர்.

"என்னை மாதிரித்தான். பொய் சொல்லத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுவரின் மேல்பாதி பளிச்சென்று இருந்தது, கீழ்ப்பாதியில் பாசி. மற்ற தொட்டிகளில் காற்றுக்குமிழ் இரவெல்லாம் நிற்கவில்லை, மின்சாரம் போகவே இல்லை என்றார் காவலாளி. பிறகு இன்ஸ்பெக்டர் ஸ்விட்சைப் போடச் சொன்னார். அடுத்த நொடி மோட்டார் உறுமியது. தண்ணீர் கொட்டியது.

"மோட்டார்ல பழுதில்ல. மிதவை தொங்கினா ஓடியிருக்கணும். நீங்க அணைக்கறதுக்கு முன்னாடியே ஓடலன்னா, அப்ப மிதவை தொங்கல. யாரோ மேல கட்டி வச்சிருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர் மைத்துனரிடம்.

"நேத்து சாயங்காலம் சுவரைத் தேய்ச்சது இவர்தான் மேடம்," என்றார் காவலாளி.

ஸ்விட்ச் அறை பண்ணையின் மறுகோடியில். அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பிக்கொண்டு, தொட்டி தேய்க்கும்போது மோட்டார் ஓடாமலிருக்க மிதவையை மேலே கட்டிவிடுவது ஒரே வாரத்தில் அங்கே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. நேற்று மாலை மைத்துனர் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுச் சுவரைத் தேய்த்திருந்தார். கயிற்றை அவிழ்க்க மறந்து போனார்.

"காலைல முதல்ல ஸ்விட்சை அணைச்சீங்க, அப்புறம்தான் கயித்தை அவுத்தீங்க. மாத்திச் செஞ்சிருந்தா மோட்டார் ஓடிக் காட்டிக் கொடுத்திருக்கும். அந்த வரிசையைத்தான் எங்கிட்ட திருப்பிப் போட்டுச் சொன்னீங்க."



முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, ஆனது ஆச்சு. வீட்டு ஆளு. நீ போய் வேலையைப் பாரு."

மோட்டாரக்கா எழுந்திருக்கவில்லை. "எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க முதலாளி. யார் தப்புன்னு சொல்லிடுங்க."

அவர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"மோட்டார் சத்தத்துல கேக்கல."

"எம் மச்சான் தப்பு," என்றார் முதலாளி, உரக்க.

அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.