ஸ்பிற்ஃபயரின் மூக்கில் மரணம்!

அன்று காலை அந்த வயலில் நான்கு பேர் இருந்தார்கள்.

ஜொய்சி, வேப்பமர நிழலில், நீலப் பிளாஸ்ரிக் கதிரையில்.

கொலின்ஸ் மாஸ்டர், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில். இரண்டு கைகளும் விமானத்தின் வாலைப் பிடித்தபடி.

பிரணவன், வரம்போரம் நிறுத்திய தன் மோட்டார் சைக்கிளில், ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு.

நான்காவது ஆள் றிச்சர்ட். ஜொய்சியின் கணவர். அவர் உட்காரவில்லை. விமானத்தின் மூக்குக்கு முன்னால் முழந்தாளில் நின்றார்.

இனி உட்காரவும் மாட்டார்!

பண்டத்தரிப்பில் அறுவடை முடிந்த வயல். நடுவில் இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு ஸ்பிற்ஃபயர். பழைய வெள்ளைக்காரச் சண்டை விமானத்தின் மாதிரி. றேடியோ றிமோட்டில் பறக்கும் பொம்மைதான்... ஆனால் கட்டில் அளவு பொம்மை! அதன் மூக்குக்குள் இருந்தது புல்லு வெட்டும் மெஷினின் எஞ்சின். அந்த உடம்புக்கு வேண்டியதைவிட மூன்று மடங்கு பெரியது.

"சுவிட்ச் ஓஃப்பிலைதானே மாஸ்டர்?" றிச்சர்ட் கேட்டார்.

"ஓஃப்பிலைதான்."

"பிடியை விட்டிடாதையும்."

"பிடிச்சிருக்கிறன். நீர் உம்மடை அலுவலைப் பாரும்."

பிரணவன் சிரித்தான்.

"றிச்சர்ட் அண்ணை! ஒருக்காச் சிலுவை போட்டிட்டுச் சுத்துங்கோ!"

"டேய், நாங்கள் மெதடிஸ்ற்காரர். சிலுவை போடுறேல்லை. ஜெபம்தான்."

"அப்ப ஜெபிச்சிட்டுச் சுத்துங்கோ!"

கதிரையில் இருந்த ஜொய்சியும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு மட்டும் கொஞ்சம் நீண்டது...

றிச்சர்ட் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றினார். பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்க வேண்டும். அதற்காக மட்டும்தான். சுவிட்ச் ஓஃப்பில் கிடந்தால் எஞ்சின் எடுபடாது. எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஒரு சுற்று.

இன்னொரு சுற்று.

இன்னும் ஒரு...

ட்ட்ட்றாஆஆஆ!

எஞ்சின் எடுபட்டது!

ஸ்பிற்ஃபயர் முன்னால் பாய்ந்தது. கொலின்ஸின் கைகளில் வால் இல்லை!

"ஐயோ! நிப்பாட்டுங்கோ! ஆராவது உதை நூருங்கோ!" ஜொய்சி அலறினாள்.

பிரணவன் பாய்ந்து வந்து சுவிட்சைப் பிடித்தான். அது ஏற்கெனவே ஓஃப்பில்தான் இருந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும்... எஞ்சின் அதைச் சட்டை செய்யவில்லை. வரம்பில் மூக்கைக் குத்தி, புரொப்பெல்லர் துண்டு துண்டாகச் சிதறிய பிறகுதான் அது அடங்கியது.

றிச்சர்டும் அடங்கியிருந்தார்.

அவருடைய வெள்ளைச் சேட்டில் கழுத்துப் பட்டி எது, கழுத்து எது என்று தெரியவில்லை.

*

சப் இன்ஸ்பெக்டர் செல்வநாயகம் விமானத்தின் மூக்கு மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தியாகராசா! இஞ்சை வா!"

கொன்ஸ்டபிள் தியாகராசா வந்தான். அவனுக்குத் தொப்பையும் கேள்விகளும் அதிகம்.

சுவிட்சிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய வயர், நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய நுனிகள் இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி, எண்ணெய்த் தாங்கிக்குக் கீழே செருகியிருந்தது.

"வயர் அறுந்தால் எஞ்சின் நிக்கவெல்லோ வேணும் சேர்? இது எப்பிடி எடுபட்டது?"

"உன்ரை வீட்டு லைற்றின்ரை வயரை அறுத்தால் லைற் நூரும். இது புல்லு மெஷின் எஞ்சினடாப்பா. தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கும். இந்த வயர் அதை ஓட்டுறதுக்கில்லை... நிப்பாட்டுறதுக்கு!"

"அப்ப அதை அறுத்தால்..."

"சுவிட்ச் சும்மா பொட்டு வைச்ச மாதிரி. ஓஃப்பிலை கிடந்தாலும் எஞ்சின் உயிரோடைதான்!"

தியாகராசா தலையைச் சொறிந்தான்.

"அப்ப எஞ்சின் தெரிஞ்ச ஆக்கள்தான் செய்திருக்கினம் சேர். பூட்டினது ஆர்?"

எஞ்சினை மூக்குக்குள் பூட்டியவன் பிரணவன். பருத்தித்துறைக் கடற்கரையில் வள்ள எஞ்சின்கள் திருத்துகிறவன். முதல்நாள் பின்னேரம் அவன் றிச்சர்டோடு தொண்டை கிழியச் சண்டை பிடித்ததை அயல் முழுக்கக் கேட்டிருந்தது.

அன்று மத்தியானமே அவன் கையில் விலங்கு விழுந்தது.

*

பொலிஸ் நிலைய வாசலில் சுவர்ணா நின்றாள். பிரணவனின் மனைவி. நிறைமாத வயிறு. நாளைக் காலை அவனை நீதவான் முன் நிறுத்துவார்கள். கொலைக் குற்றம். பிறகு விளக்கமறியல். வயிற்றில் இருக்கிற பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து பள்ளிக்கூடம் போனாலும் அப்பன் வீட்டுக்கு வருவான் என்று சொல்ல முடியாது.

"சேர், அவர் எறும்பைக்கூட..." என்று தொடங்கினாள்.

"எல்லாற்றை பெஞ்சாதியும் உதைத்தான் சொல்லுறவை பிள்ளை. இருங்கோ. நிக்காதேங்கோ."

உள்ளே பிரணவன் சுவரோடு சாய்ந்திருந்தான்.

"நேற்று 'உந்த எஞ்சின் உங்களைக் கொல்லும்' எண்டு கத்தினியோ இல்லையோ?" செல்வநாயகம் கேட்டார்.

"கத்தினனான் சேர். பெரிசு, பெரிசு எண்டு சொல்லிச் சொல்லித்தான் பூட்டினனான். முன்பக்கம் பாரம் கூடிப்போச்சு. பிளேன் மூக்காலை விழும். அதுக்கு வாலுக்கை ஈயம் வைக்க வேண்டிவந்திட்டுது. அண்ணை கேட்டால்தானே! 'சின்ன எஞ்சின் நுளம்பு மாதிரிக் கத்துது. எனக்குச் சத்தம் வேணும், உண்மையான சண்டைப் பிளேன்ரை சத்தம்' எண்டார்."

"நீ கொல்லேல்லை?"

"கொல்ல நினைச்சால் வயரை ஏன் சேர் தொடுறன்? ஒரு நட்டைத் தளத்தி விட்டால் காணுமே!"

"உதை நாளைக்கு நீதவானுக்குச் சொல்லிப்போடாதை!"

பிரணவன் கண்ணைத் துடைத்தான்.

"நான் எஞ்சினைப் பூட்டிப்போட்டு மூடி போடாமல்தான் வீட்டை போனனான் சேர். காலமை வரேக்கை மூடி போட்டிருந்தது. மாஸ்டர் போட்டிருக்க வேணும். அவற்றை வேலைதான் அது."

"பேந்து? வயலிலை வேறை என்ன கண்டனி?"

"ஒண்டும் காணேல்லை சேர். ஜொய்சி அக்கா சிரிச்சவ. அது எனக்குப் புதினமாக் கிடந்தது. பிளேன் சத்தம் கேட்டால் இப்பவும் கட்டிலுக்குக் கீழை போற மனுசி. இண்டைக்கு எஞ்சின் எடுக்கப் போற நேரம்... சிரிச்சுக்கொண்டு இருந்தவ!"

செல்வநாயகத்தின் பேனா நின்றது.

அவர் எழுந்து கொலின்ஸ் மாஸ்டரிடம் போனார். ஓய்வு பெற்ற மரவேலை ஆசிரியர். விரல்களில் இன்னும் பசை காய்ந்திருந்தது.

"எஞ்சினோ? எனக்கு அதைப்பற்றி ஒரு கோதாரியும் தெரியாது தம்பி. மரம் தெரியும். உந்தப் பிளேன்ரை மரம் முழுக்க என்ரை கை. மூடியைப் பூட்டினது நான்தான். உள்ளுக்கை வயர் கிடந்ததோ வாழைநார் கிடந்ததோ, எனக்கெங்கை விளங்கும்?"

"வாலை ஏன் விட்டனியள் மாஸ்டர்?"

"கை வழுக்கிட்டுது தம்பி. வயசு!"

*

பின்னேரம் பொலிஸ் நிலைய முற்றத்தில் ஒரு மேசை போடப்பட்டது. மேசையில் ஒரு புல்லு மெஷின் எஞ்சின். விமானத்தில் இருந்த அதே சாதி, சுவிட்சும் வயரும் பூட்டியது. பக்கத்தில் ஒரு குறடு, ஒரு திருப்புளி, ஒரு கத்தரிக்கோல்.

ஜொய்சி வந்தாள். கறுப்புச் சேலை. கொலின்ஸ் வந்தார். பிரணவனை விலங்கோடு கொண்டுவந்து தூணருகே நிறுத்தினார்கள்.

செல்வநாயகம் கயிற்றை இழுத்தார். எஞ்சின் கத்தத் தொடங்கியது. ஜொய்சியின் தோள்கள் காதுவரை உயர்ந்தன.

"அக்கா! இதை நிப்பாட்டுங்கோ!"

"நானோ? எனக்கு..."

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி! கெதியா!"

ஜொய்சி மேசையைப் பார்த்தாள். சுவிட்சைத் தேடவில்லை. அவளுடைய கை யோசிக்காமல் கத்தரிக்கோலை எடுத்தது. மெல்லிய வயரைப் பிடித்தது...

டிக்!

வயர் இரண்டானது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது!

ஜொய்சி எஞ்சினைப் பார்த்தாள். கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். மறுபடி எஞ்சினைப் பார்த்தாள்.

"நிக்கேல்லை..."



"தம்பி, ஏன் நிக்கேல்லை? வெட்டினால் நிக்கவெல்லோ வேணும்? நேற்று ராவு நான்... இண்டைக்கு அது எடுபடக் கூடாதெண்டுதானே நான்..."

கத்தரிக்கோல் விழுந்தது.

"கர்த்தரே! நானோ? நானோ அவரை...?"

எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்புக்கு நகர்ந்தது. அந்த விளிம்பருகே சிலையாக நின்றாள் ஜொய்சி. தியாகராசா ஓடிவந்து சுவிட்சைத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

"சேர்! நிக்குதில்லை சேர்!"

அப்போது...

கொலின்ஸ் மாஸ்டர் அமைதியாக ஓர் அடி முன்னால் வைத்தார். எஞ்சின் காற்று இழுக்கும் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார்.

எஞ்சின் மூச்சுத் திணறியது. இருமியது. செத்தது!



"நன்றி மாஸ்டர்!" என்றார் செல்வநாயகம்.

"அதுக்கென்ன..."

"சுவிட்ச் இனி வேலை செய்யாதெண்டு என்ரை கொன்ஸ்டபிளுக்கே விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கியிருக்கு. காற்றைப் பொத்தினால் நிக்குமெண்டும் தெரிஞ்சிருக்கு. ஒரு கோதாரியும் தெரியாத மரவேலை மாஸ்டருக்கு!"

கொலின்ஸின் கை இன்னும் எஞ்சின் வாயிலேயே இருந்தது.

"அக்கா, வயரை வெட்டினாப் பிறகு ரேப் சுத்தினனீங்களோ?"

"ரேப்போ? இல்லைத் தம்பி. ராவே வெட்டிப்போட்டு ஓடி வந்திட்டன்."

"வெட்டின நுனிகள் ரெண்டும் தட்டுப்பட்டிருந்தால் சுவிட்ச் வேலை செய்திருக்கும். றிச்சர்ட் தப்பியிருப்பார். தட்டுப்படக் கூடாதெண்டு ஆரோ வடிவா ரேப் சுத்தி, ஒளிச்சு வைச்சு, மூடியையும் பூட்டியிருக்கினம். மூடியைப் பூட்டினது ஆர் மாஸ்டர்?"

கொலின்ஸ் கையை எடுத்தார். உள்ளங்கையில் இருந்த எண்ணெயைக் கைலேஞ்சியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"மூண்டு வருசம்," என்றார். குரல் மாறியிருந்தது. "ஒவ்வொரு விலாவும் நான் சீவினது தம்பி. அந்த மூக்கின்ரை வளைவுக்கு மட்டும் ஒரு மாரி முழுக்கப் போச்சு. அவன் என்ன செய்தான்? என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் வாளாலை மூக்கை அறுத்தான். உந்தப் பிசாசைத் திணிச்சான். வாலைக் கிழிச்சு ஈயம் அடைஞ்சான். 'மாஸ்டர், பேந்து பெயின்ற் அடிச்சால் தெரியாது' எண்டான். தெரியாதாம்!"

"அதுக்காகவோ?"

"நான் என்ன செய்தன்? வயர் வெட்டிக் கிடந்தது. ஆர் வெட்டினதெண்டு விளங்கிட்டுது. ஏன் வெட்டினவ எண்டும் விளங்கிட்டுது. நான் கொல்லேல்லை. சொல்லேல்லை. அவ்வளவுதான்!"

"வாலை விட்டது?"

"கை வழுக்கினது." கொலின்ஸ் சிரித்தார். "வழுக்கேல்லை எண்டு நிரூபியுமன் பாப்பம்!"

பிரணவனின் விலங்கு கழன்றது. அவன் நேரே வாசலுக்கு ஓடவில்லை. ஜொய்சியின் முன்னால் வந்து நின்றான். வெளியே சுவர்ணா பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை நின்றான்.

"அந்த விலங்கை எனக்குப் போடுங்கோ தம்பி," என்றாள் ஜொய்சி, செல்வநாயகத்திடம்.

"அக்கா..."

"தொண்ணூறாம் ஆண்டு பங்கருக்குள்ளை நானும் தங்கச்சியும் இருந்தனாங்கள். மேலை பிளேன் சுத்திச் சுத்திக் குண்டு போட்டது. வெளியிலை வந்தது நான் மட்டும். அவர் அப்ப லண்டனிலை. கலியாணம் கட்டினது இப்ப, ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாப் பிறகு. சொன்னால் 'இது பொம்மை, குண்டு போடாது' எண்டு சிரிப்பார். நான் அவரைப் பறக்க வேண்டாமெண்டு சொல்லேல்லைத் தம்பி. ஒரு நாளைக்கு மட்டும் சத்தமில்லாமல் இருக்கட்டுமெண்டு..."

இரண்டு கைகளையும் விலங்குக்காக நீட்டினாள்.

*

செல்வநாயகம் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதினார். கிழித்தார். மறுபடி எழுதினார்.

'கொன்றவருக்குத் தான் கொல்வது தெரியாது. தெரிந்தவர் கையால் எதையும் வெட்டவில்லை. முதலாமவர் தமக்கு அதிகபட்சத் தண்டனை கோருகிறார். இரண்டாமவர் தமக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று கேட்கிறார். யார்மீது எந்தக் குற்றத்தைச் சுமத்துவது எனத் தயவுசெய்து அறிவுறுத்தவும்.'

பதில் வர எத்தனை காலம் செல்லும் என்று அவருக்குத் தெரியும். பதில் என்னவாக இருந்தாலும் ஜொய்சிக்கு அது வேண்டியிராது என்பதும் தெரியும். கூண்டில் வைத்த சோற்றை அவள் தொடவில்லை. பக்கத்துக் கூண்டில் கொலின்ஸ் மாஸ்டர், தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

கடிதத்தை மடித்தார். உறையில் போட்டார். ஒட்டினார். அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்.

"தியாகராசா! யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலிலை சேர்த்துவிடு."

"பலாலியிலையிருந்து பிளேன் போகுதாம் சேர். அதிலை போனால் கெதியாய்ப் போயிடுமெல்லோ?"

"பிளேனின்ரை பேச்சை எடாதை! பஸ்ஸிலை போ. பஸ் எண்டால் கையைக் காட்டின உடனை நிக்கும்!"

தியாகராசா கடிதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொப்பியை மாட்டினான்.

"நிக்குமோ? சேர் பஸ்ஸிலை போய்க் கனகாலம் போலை!"