பார்க்காத கட்டங்கள்

காப்பிக் குவளையைக் கீழே வைத்த பிறகுதான் யுரீட்சி தன் விரல்களைக் கவனித்தாள். நான்கும் சிவந்து, நுனிகளில் கொப்புளம் எழும்பியிருந்தது. குவளையிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை இவ்வளவு நேரம் இறுகப் பிடித்திருந்தவள் அவள்தான். சுட்டதே தெரியவில்லை.

கெரெதாரோ நகரத்தின் செப்டம்பர் வெயில் எட்டாத நிலவறை அது. தலைக்கு மேலே குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம், பக்கத்து அறையின் குளிர்பெட்டிகள் விட்டுவிட்டு முனகும் சத்தம், இரண்டுக்கும் நடுவே அவளுடைய கணினித் திரை. எலியின் மூளையில் எந்த இடத்து நரம்பு எந்த இடத்துக்குப் போகிறது என்று, நாற்பது வருடத்துக் கட்டுரைகளைப் படித்துப் படித்துக் கட்டிய தரவுத்தளம். இணைப்பு இருந்தால் அதன் வலிமைக்கேற்ப ஒன்று முதல் நான்கு. தேடிப் பார்த்தும் இல்லையென்றால் பூஜ்யம். யாருமே தேடவில்லையென்றால் கட்டம் காலி. பூஜ்யத்துக்கும் காலிக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த வேலையின் மானம்.

காலையில் ஆய்வகத் தலைவர் டாக்டர் எவரிஸ்தோ அதைத்தான் விற்கச் சொன்னார்.

"சல்லடை மாதிரி இருக்கு, யுரி. நிதி குடுக்கறவங்க சிரிப்பாங்க. காலியா இருக்கறதுக்கெல்லாம் பூஜ்யம் போட்டு மூடு."

"யாரும் பார்க்கலையே டாக்டர். பார்க்காம எப்படி இல்லன்னு சொல்றது?"

"அஞ்சு மணிக்குக் கோப்பு போகணும். போனாத்தான் உன் வேலையும் ரெண்டு வருஷம் நீளும். அப்புறம் உன் இஷ்டம்."

இஷ்டமாம். பஸ் ஓட்டுகிறவரின் மகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள், அவளுக்கு எங்கே இஷ்டம்? பல்லைக் கடித்துக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பூஜ்யம் போட்டாள். மேலிருந்து கீழாக. ஒவ்வொன்றும் பொய்.

பக்கத்து மேசை ஃபெர்மின் பையை மாட்டிக்கொண்டு வந்து, பாதி உரித்த மாண்டரின் ஆரஞ்சை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"கிளம்பலையா? நாலு நாள் லீவு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இங்க எலிகூட இருக்காது. எங்க அத்தை போசோலே சூப் வைக்கிறாங்க, வா."

மூக்குக்கு ஒரு விரல் தள்ளி ஆரஞ்சுச் சுளை. வாசனை வரவில்லை. துளிகூட இல்லை.

"என்ன முறைக்கிற? ஏதாவது திட்டேன். நீ திட்டாம இருந்தா எனக்கு பயமா இருக்கு."

"போய்த் தொலை."

"அப்பாடா, உயிரோடதான் இருக்கா." சிரித்துக்கொண்டே படியேறிப் போனான். காலடிச் சத்தம் தேய்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அவள் திரையைப் பார்த்தாள். முதல் வரிசை, எலிக்குக் கையான முன்பாதத்துத் தோலின் சூடு. இரண்டாவது, மூக்கு. காலையில் அவள் மூடிய வரிசைகள், மூடிய அதே ஒழுங்கில் அவளுக்குள்ளும் அணைகின்றன. பைத்தியக்கார யோசனை என்று தன்னையே ஏசிக்கொண்டு, முதல் வரிசையின் பூஜ்யங்களை அழித்துக் கட்டங்களைக் காலியாக்கினாள்.

வலி வந்தது. அரை மணி நேரத்து வலி மொத்தமாக, நான்கு விரலிலும் ஒரே நொடியில் பாய்ந்தது. அலறினாள். அலறிக்கொண்டே சிரித்தாள். திருத்திவிடலாம். வேலை போனால் போகட்டும்.

மூக்கின் வரிசையை அழித்தாள். அறை முழுக்க ஃபார்மலின் நெடி குப்பென்று அடித்தது, அதன் அடியில் ஆரஞ்சுத் தோல். மூன்றாவது வரிசை. நான்காவது. அதற்குள் நாக்கு மரத்தது. ஐந்தாவதை அழிக்கும்போது காலுக்குக் கீழே தரை காணாமல் போனது. திரையில் அவள் ஒரு வரிசை அழிப்பதற்குள் அவள் உடம்பில் அடுத்த மூன்று வரிசை மூடிக்கொண்டது. அவள் அவசரப்பட்டாள். அது அவசரப்படவில்லை.

இடுப்பு போனது.

கழுத்து.

வலது கையின் வரிசை திரையின் நடுவில் இருந்தது. அதற்குத் தாவினாள். விரல் விசைக்கு மேலே நின்றது.

நின்றது.

அழுத்து. அழுத்துடி.

விரல் அசையவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் எவரிஸ்தோ உள்ளே வந்தார்.

"என்ன, முடிஞ்சுதா?"

டாக்டர், தொடாதீங்க. இந்தச் சொற்கள் அவளுக்குள் முழுசாக இருந்தன. வாய்வரை வர வழியில்லை.

"ஓ, கோவமா?" அவர் அவள் தோளுக்கு மேல் குனிந்தார். "மேல அஞ்சு வரி திரும்பக் காலியா கிடக்கு. உன் பிடிவாதத்தை உன்கிட்டயே வெச்சுக்கோ, பொண்ணே." அவரே பூஜ்யங்களைத் தட்டினார். விரல் வலி அணைந்தது. நெடி அணைந்தது. "அனுப்பியாச்சு. இனி யாராலயும் மாத்த முடியாது. உனக்கும் நல்லதுதான், ஒருநாள் புரியும்."

என் முகத்தைப் பாருங்க. ஒரே ஒரு தடவை பாருங்க.

"கோவம் தீர்ந்ததும் வீட்டுக்குப் போ. கதவு தானாப் பூட்டிக்கும்."

பார்க்காமலே விளக்கை அணைத்துவிட்டுப் போனார். பூட்டு விழுந்தது. வெள்ளிக்கிழமை.

திரையின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அந்த வெளிச்சத்துக்கு எங்கிருந்தோ ஓர் ஈ வந்தது. அவள் கன்னத்தில் இறங்கியது, மெல்ல மேலே ஏறியது. இமை மூடவில்லை. ஈ கண்ணின் விளிம்பில் நின்று, கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டது. பிறகு உள்ளே நடந்தது. அதன் உடம்பு மறைத்து, அவளுக்குத் திரை முழுவதும் கறுப்பானது.

ஈரம் கிடைத்ததும் அங்கேயே அமர்ந்து குடிக்கத் தொடங்கியது.