பொழுதறிக்கு ஆகாத நேரம்

பொழுதறி ஒன்றரை மணி என்றது.

மருத்துவர் இன்பவல்லி திரையைப் பார்த்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை கைகளை விரித்துக் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. மார்பில் ஒட்டியிருந்த ஒலியொட்டு, ஸ்கேன் போல ஓசையில்லாமல் இதயத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை. ரத்தம் அதைத் தவிர்த்துப் போக இதயத்தருகே ஒரு குறுக்குவழி உண்டு. பிறந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்தவர்களுக்குப் பல சமயம் மூடாது. சிலருக்குத் தாமதமாகத் தானே மூடும். அவசரப்பட்டு அதை மூடும் மருந்து கொடுத்தால் சிறுநீரகமும் குடலும் கெடலாம். தாமதித்தால் நுரையீரலில் ரத்தம் நிறையும். எப்போது கொடுப்பது என்று மருத்துவர்கள் ஒரு தலைமுறை சண்டை போட்டார்கள். பிறகு பொழுதறி வந்தது. ஆயிரமாயிரம் குழந்தைகளின் கதையைப் படித்த இயந்திரம். அது நேரம் சொல்லும். செவிலியர் மருந்தை ஏற்றுவார். சண்டை ஓய்ந்தது. குழந்தைகள் முன்பைவிட அதிகம் பிழைத்தார்கள். அதில் சந்தேகமில்லை.

இந்தக் குழந்தைக்குக் காலையிலிருந்தே அந்தக் குறுக்குவழி அகன்றுகொண்டு வந்தது. மருந்து தேவை என்பதைப் பொழுதறியும் மறுக்கவில்லை. காத்திருக்க மட்டும் சொன்னது. ஏன் என்று கேட்டால் சொல்லாது.

"ஜெசிந்தா, ஒன்றரைக்கு என்ன மாறப்போகுது?"

"மிஷினுக்குத் தெரியும் மேடம்" என்றாள் செவிலி. "நமக்கெதுக்குத் தலைவலி?"

குழந்தையின் தகப்பன் சொரிமுத்து கதவருகே நின்றான். மருத்துவமனை அங்கியை முன்பின்னாக மாட்டியிருந்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. இந்த மிஷினு நம்ம தென்காசிக்காரனா?"

"ஏன்?"

"ராகு காலம் பாக்குதே! புதங்கெழம பன்னெண்டுலருந்து ஒண்ணர. அது கழிஞ்சு மருந்துங்குது. நானே உங்ககிட்ட எப்பிடிக் கேக்கதுன்னு முழிச்சிக்கிட்டு நின்னேன். அது முந்திக்கிட்டு."

ஜெசிந்தா வாயைப் பொத்திச் சிரித்தாள். இன்பவல்லி சிரிக்கவில்லை. இந்த வார்டுக்குப் பொழுதறி இதுவரை சொன்ன எல்லா நேரங்களையும் திரையில் விரிக்கச் சொன்னாள். கிழமைவாரியாகப் புள்ளிகள் நிறைந்தன. ஒவ்வொரு நாளிலும் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. திங்களுக்குக் காலையில். செவ்வாய்க்குச் சாயங்காலம். சுவரில் தொங்கும் எந்த நாட்காட்டியிலும் இருக்கும் அதே கட்டங்கள்.

அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் மருத்துவம் படித்ததும் இந்தப் பக்கத்து வார்டுகளில்தான். அப்போது பெற்றவர்கள் கேட்பார்கள், கொஞ்சம் கழித்துப் போடலாமா என்று. செவிலியர் மருந்தைக் கலக்க நேரம் எடுத்துக்கொள்வார். மருத்துவர் இன்னொரு சுற்று போய் வருவார். காரணத்தை யாரும் பதிந்ததில்லை. குழந்தை கைவிட்டுப் போகிற நிலையில் இருந்தால் மட்டும், ராகு காலமாவது ஒன்றாவது என்று உடனே ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

பொழுதறி முதலில் பாடம் கற்றது அந்த வார்டுகளில். அந்த நேரத்தில் மருந்து வாங்கிய குழந்தைகள் அதிகம் இறந்ததை அது கண்டது. ஒலியொட்டு வராத காலம். குழந்தையின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். கண் பார்த்தது எதிலும் பதியவில்லை. நேரம் மட்டும் பதிந்தது. ஆகவே குற்றம் நேரத்தின் மேல் விழுந்தது.

"இப்பவே குடுத்துரலாம்" என்றாள் இன்பவல்லி. "பொழுதறி சொல்லாத நேரத்துல குடுக்க உங்க சம்மதம் வேணும்."

சொரிமுத்துவின் முகம் மாறியது. "என்னம்மா இப்பிடிச் சொல்லுதீய? மிஷினும் வேண்டாங்குது. பஞ்சாங்கமும் வேண்டாங்குது. நீங்க ஒருத்தர் மட்டும் குடுக்கணும்ங்கிய."

"ரெண்டும் ஒரே ஆள்தான் தம்பி. மிஷின் அத உங்ககிட்டருந்துதான் படிச்சிருக்கு."

"எங்கிட்டயா? நான் இந்த மிஷின இன்னிக்குத்தானே பாக்கேன்."

"உங்கள மாதிரி அப்பாமாருகிட்டருந்து."

சக்கர நாற்காலியில் இருந்த தாய் மாரிக்கனி அதுவரை குழந்தையின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது குழிந்தது.

"குடுத்தா என்ன ஆவும் டாக்டர்? பொறுத்தா என்ன ஆவும்?"

"குடுத்தா கிட்னி கொஞ்சம் அடி வாங்கலாம். அதைப் பாத்துக்கலாம். பொறுத்தா நுரையீரல்ல ரத்தம் கசியலாம். கசிஞ்சா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"மிஷினு தப்பாச் சொல்லுமா?"

"மத்த நேரத்துல சொன்னதில்ல. இந்த ஒரு விஷயத்துல சொல்லுதுன்னு நினைக்கேன். நானும் தப்பா இருக்கலாம்."

மாரிக்கனி புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவன் பொறந்ததே எமகண்டத்துலதான். ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க மணியப் பாத்துக்கிட்டு நின்னிய. அவன் பாட்டுக்குப் பொறந்துட்டாம்லா?"

"ஏளா, எமகண்டம் வேற, ராகு காலம் வேற" என்றான் சொரிமுத்து. குரலில் வலுவில்லை.

"அவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். குடுங்க டாக்டர்."

சம்மதத்துக்கு அவளே கைரேகை வைத்தாள். ஜெசிந்தா மருந்தை ஏற்றினாள். அதற்குமுன் யாரும் பார்க்காதபோது சிலுவை போட்டுக்கொண்டாள். பொழுதறி ஒருமுறை எச்சரித்துவிட்டு அடங்கியது.

மறுநாள் காலையில் வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. வார முடிவில் மூடிவிட்டது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. சொரிமுத்து வார்டு முழுவதற்கும் அல்வா வாங்கி வந்தான். ஒன்பது மணிக்கு மேல் நேரம் சரியில்லை என்று முன்னதாகவே கொடுத்துவிட்டுப் போனான்.

இன்பவல்லி எல்லாவற்றையும் எழுதிப் பொழுதறியை நடத்தும் கழகத்துக்கு அனுப்பினாள். ஒரு குழந்தை போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்றிலிருந்துதான் தொடங்க முடியும். சில வாரங்களில் பின்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர், பொழுதறிக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் குழுவின் தலைவர், மருத்துவர் ஐனோ. அவர் பேசியதை மொழிமாற்றிக் கருவி நிதானமான தமிழில் சொன்னது.

"குழந்தை நலமா?"

"நலம்."

"மகிழ்ச்சி. ஆனால் அதைச் சேர்த்துக்கொள்ள முடியாது. பொழுதறியை மீறிக் கொடுத்த மருந்து, பிழை என்ற வகையில் போகிறது. பிழைகளை அதற்குக் கற்பிப்பதில்லை."

"குழந்தை இறந்திருந்தால்?"

"மரணம் என்றால் சேரும். மரணம் எதையும் நாங்கள் விடுவதில்லை."

"அப்படியானால் அந்த நேரத்தில் மருந்து வாங்கிப் பிழைத்த ஒருவரைக்கூட அதற்குத் தெரியாது."

"தெரியாதுதான். உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் டாக்டர், சில நேரங்கள் அப்படித்தான். இங்கேயும் புதன் நண்பகலில் நாங்கள் கொடுப்பதில்லை. என் தங்கை குழந்தைக்கு நானே காத்திருந்தேன். பிழைத்துக்கொண்டது. எங்கள் செவிலியர்கள் அந்த நேரத்தில் குழந்தையைப் பெட்டி மாற்றுவதுகூட இல்லை."

"அதையும் பொழுதறி சொன்னதா?"

"இல்லை. அது அவர்களாகச் செய்வது." ஐனோ திரையை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார். "ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் வெறுமனே 'அந்த நேரம்' என்கிறோம். உங்கள் ஊரில் அதற்குப் பெயர் உண்டா?"

இன்பவல்லி சொன்னாள். மொழிமாற்றி அதை மாற்றாமல் அப்படியே சொன்னது.

ஐனோ இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தார்.

"நல்ல பெயர். அடுத்த கையேட்டில் சேர்த்துவிடுகிறோம்."